கேவியோலின் இல்லாத சுண்டெலி: கேள்வி பதில்

நாக்அவுட் சுண்டெலி என்றால் என்ன?

ஒரு குறிப்பிட்ட மரபணுவைக் கருநிலைத் தண்டுசெல்லிலேயே முடக்கி உருவாக்கிய சுண்டெலி. இந்த முறைக்காக கபேச்சி, எவன்ஸ், ஸ்மித்தீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

செல் சவ்வைப் பற்றி அதில் என்ன தெரியவந்தது?

எனக்குப் பிடித்த கேள்வி. இரத்தக்குழாய் உள்சுவரின் செல்லை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். சவ்வு நெடுகக் கழுத்து குறுகிய குடுவைகள் போலக் குட்டிக் குட்டிக் குழிகள், ஒவ்வொன்றும் 50 முதல் 100 நானோமீட்டர். இவைதான் கேவியோலே. இந்தக் குழிகளை உருவாக்கும் புரதம் கேவியோலின்-1. அதன் மரபணு இல்லாத சுண்டெலிகளைப் பற்றிய ஆய்வை 2001இல் வெளியிட்டார்கள். அவற்றில் அதே செல்லைப் பார்த்தால் சவ்வு வழவழவென்று ஒரே கோடாக ஓடுகிறது, குழிகளைக் காணோம். எலி பிறந்து வளர்ந்து குட்டியும் போட்டது. ஆனால் நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் தடித்துவிட்டன, உடற்பயிற்சி தாங்கவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: நாக்அவுட் எலியை எப்போதும் அதே ஈற்றில் பிறந்த, மரபணு முடக்கப்படாத குட்டிகளோடு ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் வேறுபாடு அந்த ஒரு மரபணுவால் வந்ததா என்று சொல்ல முடியாது.

எலி பிழைத்துவிட்டதே, அப்படியானால் குழி தேவையில்லைதானே?

கூண்டில் வேளைக்குத் தீனி கிடைக்கிற எலி அது. ஓடவிட்டுப் பார்த்தால்தான் குறை தெரியும்.

குழி இல்லாததால்தானே நுரையீரல் தடித்தது?

இல்லை, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே குடும்பத்துப் புரதமான கேவியோலின்-2 மட்டும் இல்லாத எலியில் குழிகள் ஒழுங்காக இருந்தன, ஆனாலும் நுரையீரல் அதேபோல் தடித்தது. கேவியோலின்-1 போனால் 2உம் பெரும்பாலும் சிதைந்துவிடும். ஒரு மரபணுவை எடுத்தோம் என்று நினைக்கிறோம், இரண்டு புரதங்கள் போய்விடுகின்றன.

2007இல் உள்சுவர் செல்களில் மட்டும் கேவியோலின்-1ஐத் திருப்பிக் கொடுத்ததும் நுரையீரல் சரியானதே?

நல்ல மறுப்பு. குறை எந்தச் செல்லில் தொடங்குகிறது என்பதை அது காட்டுகிறது. ஆனால் 1 திரும்பினால் 2உம் நிலைக்கும் அல்லவா? குழியா, புரதமா என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

அம்மாவுக்குத் தசை நலிவு. கேவியோலின் குறைதான் காரணமா?

தசையில் இருக்கும் கேவியோலின்-3இன் மரபணுப் பிழையால் ஒருவகைத் தசை நலிவு வரும் என்று 1998இல் மனிதர்களிலேயே கண்டார்கள். ஆனால் காரணங்கள் பல. நரம்பியல் மருத்துவரிடம் காட்டி மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள்.

எலி உயிரோடு இருப்பதால் குழி வீண்தானே?

மேலே சொல்லிவிட்டேன்.

என் நாக்அவுட் எலிகள், வாங்கிய சாதாரண எலிகளைவிட மெலிந்திருக்கின்றன. எழுதலாமா?

கேவியோலின்-1 இல்லாத எலி மெலிந்திருப்பது உண்மைதான், கொழுப்புத் தீனி போட்டாலும் பருக்காது. ஆனால் உங்கள் ஒப்பீடு செல்லாது. ஒரே ஈற்றுக் குட்டிகளில் வால் நுனித் துணுக்கை எடுத்து மரபணுவைச் சரிபார்த்துவிட்டு மறுபடி எடை போடுங்கள்.