சப்வூஃபருக்கு பெர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: வயது 27. கோவையில் பம்ப் கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கைக்கு வரும் சம்பளம் 34,000 ரூபாய். வீட்டுக்கு 15,000, பழைய ஸ்விஃப்ட் வாங்கிய கடனுக்கு 8,200 (இன்னும் 22 மாதம்), மற்ற செலவு போக 7,000 மிஞ்சும். சேமிப்பு 45,000. காரில் 12 இன்ச் சப்வூஃபர் (பேஸ் எனப்படும் அடித்தொனிக்கான பெரிய ஸ்பீக்கர்) இரண்டு, ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), ஸ்பீக்கர் என்று 3,000 வாட்ஸ் சிஸ்டம் போட 1,20,000 ஆகும் என்கிறார் கடைக்காரர். பெர்சனல் லோனா, கிரெடிட் கார்டு இஎம்ஐயா? காரை விற்கும்போது போட்ட பணம் திரும்புமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் ஆசையை விட்டுவிடுங்கள் என்றும் சொல்லமாட்டேன். நாள்தோறும் காரில் போகிறவருக்கு நல்ல பாட்டு நியாயமான செலவுதான்.

முதலில் கடைக்காரரின் கணக்கைப் பார்ப்போம். 3,000 வாட்ஸ் என்பது பெரும்பாலும் பெட்டி மேல் போட்டிருக்கும் பீக் அளவு, அதாவது ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சம். ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய சக்தி அதுதான். 1,000 வாட்ஸ் ஆர்எம்எஸ் என்றே வைத்துக்கொண்டாலும், முழுச் சத்தத்தில் பாடும்போது, மின்சாரத்தை அதிகம் வீணாக்காத கிளாஸ் டி வகை ஆம்ப்கூட சுமார் 90 ஆம்பியர் இழுக்கும். சின்ன காரில் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் மொத்தமாகக் கொடுப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதில்தான் ஹெட்லைட்டும் ஏசி ஃபேனும் ஓடவேண்டும். பேஸ் அடிக்கும்போதெல்லாம் லைட் மங்கினால் அடுத்து பெரிய பேட்டரி, அப்புறம் ஆல்டர்னேட்டர் என்று செலவு நீளும். இது எதுவும் அந்த 1,20,000-இல் இருக்காது.

இவ்வளவு செலவழித்துக் கிடைப்பது என்ன? 500 வாட்ஸை 1,000 ஆக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டும். சத்தம் இரண்டு மடங்கானதாகக் காதுக்குத் தோன்ற சுமார் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை. ஹேட்ச்பேக்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் சின்ன கேபினே பேஸைத் தூக்கிக் கொடுக்கும். சீல்டு பாக்ஸில் (காற்றுப் புகாமல் மூடிய பெட்டி) ஒரு 10 இன்ச் சப்வூஃபர், 300 முதல் 500 வாட்ஸ் ஆர்எம்எஸ் வரை தரும் ஆம்ப், உங்கள் காருக்கு இது போதும். டிக்கியில் பை வைக்கவும் இடம் மிஞ்சும்.

இப்போது கடன். 1,20,000-ஐ 15 சதவீத வட்டியில் 36 மாதத்துக்கு எடுத்தால் தவணை சுமார் 4,160. வட்டி மட்டும் 29,700-க்கு மேல். இரண்டு தவணையும் சேர்ந்து சம்பளத்தில் 36 சதவீதத்தை விழுங்கும். கார்டில் 'நோ காஸ்ட்' என்று சொன்னாலும் பிராசஸிங் கட்டணமும் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் போகும். ஒரு மாதம் முழுசாகக் கட்டாமல் விட்டால் மாதம் மூன்றரை சதவீதம் வட்டி கார்டுகளில் சர்வசாதாரணம். ஆண்டுக்கு 42.

சேமிப்பு 45,000-ஐத் தொடவேண்டாம். வீட்டுக்குத் தருவதும் கார் தவணையும் சேர்த்து மூன்று மாதத்துக்கே கிட்டத்தட்ட 70,000 வேண்டும். 25,000 குறைகிறது. மிஞ்சும் 7,000-இல் 3,000 அதற்குப் போகட்டும். மீதி 4,000-ஐ ஆர்டியில் (வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு) போடுங்கள். லோன் எடுத்தால் எப்படியும் கட்டப்போகிற தொகைதானே.

ஐந்தாறு மாதத்தில் 20,000-க்கு மேல் சேரும். அதில் முன் கதவுகளுக்கு அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டும் நல்ல காம்போனென்ட் ஸ்பீக்கரும் (கீச்சுக்குத் தனி ட்வீட்டர் உள்ள செட்) போடுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே ஆசை அடங்கிவிடும்! அடங்காவிட்டால் இன்னும் பத்து மாதம் சேர்த்து ஆம்பும் சப்வூஃபரும். இரண்டாவது சப்வூஃபரைக் கார் கடன் முடிந்தபின் யோசிக்கலாம். வயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்: அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது வேண்டாம், முழுச் செம்பில் 4 கேஜ் (கம்பியின் தடிமன் அளவு) கேட்டு வாங்குங்கள். பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கவேண்டும். ஒரிஜினல் வயரை வெட்டாமல், செருகி இணைக்கும் கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள்.

பில்லை ஜிஎஸ்டியோடு வாங்கி, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவியுங்கள். கம்பெனி ஃபிட்டிங் அல்லாத எலக்ட்ரிக்கல் உபகரணங்களுக்குப் பொதுவாக அவற்றின் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 60,000-க்கு 2,400, அதன்மேல் ஜிஎஸ்டி. சொல்லாமல் விட்டால், திருடு போனாலும் அந்தச் சாமானுக்குப் பணம் வராது.

விற்கும்போது? பழைய கார் வாங்குகிறவர் சப்வூஃபருக்காகப் பெரிதாக விலையை ஏற்றித் தரமாட்டார். காரைக் கண்டபடி வெட்டியிருக்கிறார்கள் என்று குறைக்கவும் பார்ப்பார். கழற்றிய பழைய ஸ்பீக்கர்களைப் பத்திரமாக வையுங்கள். விற்கிற வாரம் அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, ஆம்பையும் சப்வூஃபரையும் அடுத்த காருக்கு எடுத்துக்கொள்ளலாம்.