மது அருந்துபவரின் கல்லீரலை மூலிகைச் சாறு காக்குமா?

குடி தொடரும்வரை எந்தச் சாறாலும் காக்க முடியாது. மதுவை உடைக்கும் வேலையில் செல்களைத் தாக்கும் அசிட்டால்டிஹைடும் ஃப்ரீ ராடிக்கல்களும் உருவாகின்றன. அவற்றைச் சமாளிக்கும் குளுட்டாதயோன் கல்லீரல் செல்களில் தீர்ந்துபோகிறது. மில்க் திசில் என்ற மூலிகையின் விதையிலுள்ள சிலிமரின் என்ற சத்து, ஆய்வகத்தில் இந்தக் குளுட்டாதயோனைக் காக்கிறது. நோயாளிகளிடம் கதை வேறு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 18 பரிசோதனைகளைத் திரட்டிய 2007 ஆய்வில், இறப்பு குறைந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

சிலிமரின் நீரில் சரியாகக் கரையாது. விதையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் உடலில் சேர்வது சொற்பம். தரப்படுத்திய மாத்திரையில் வழக்கமான அளவு நாளுக்கு 420 மி.கி., மூன்று வேளையாகப் பிரித்து.

பச்சைத் தேயிலைச் செறிவு, மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் செறிவு மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். இவையே சிலருக்குக் கல்லீரலைத் தாக்கியிருக்கின்றன. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், மருத்துவர் துணையோடு நிறுத்துங்கள்.