கப்பல் நிற்பது பன்னிரண்டு மணி நேரம், கையில் கிடைப்பது ஐந்தரை: மத்திய தரைக்கடல் பயணக் கேள்வி – பதில்

குடும்பத்தோடு மத்திய தரைக்கடலில் கப்பல் பயணம் போகத் திட்டமிடும் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருகின்றன: கப்பல் துறைமுகத்தில் நிற்கும் நாளில் எதைப் பார்ப்பது, எப்படிப் போய்த் திரும்புவது? அதற்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: எங்கள் கப்பல் காலை 7 மணிக்கு ரோம் வருகிறது, மாலை 7 மணிக்குக் கிளம்புகிறது. வத்திக்கான், கொலோசியம், ட்ரெவி நீரூற்று மூன்றையும் பார்த்துவிடலாம்தானே? 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ப: மூன்றும் முடியாது. ஒன்றை நன்றாகப் பார்க்கலாம். ரோம் நகரத்துக்குக் கப்பல் வருவதில்லை. அது நிற்கும் இடம் சிவிட்டாவெக்கியா துறைமுகம். அங்கிருந்து ரோமுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 7 மணிக்குக் கப்பலைக் கட்டினாலும், துறைமுக அனுமதி கிடைத்து இறங்கவிட அரை மணி ஆகும். லிஃப்டுக்கு முன்னால் கூட்டம் நிற்கும். 7:45க்குக் கரையில் கால் வைத்தால் நல்ல வேகம்தான். துறைமுகத்து பஸ்ஸில் லார்கோ தெல்லா பாச்சே என்ற வாசலுக்கு வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து ரயில் நிலையம் போக வேண்டும். பிறகு சுமார் ஒரு மணி நேர ரயில் பயணம். ரோமில் இறங்கும்போது மணி பத்தை நெருங்கிவிடும்.

திரும்புவதைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். கப்பல் 7 மணிக்குக் கிளம்பினால் எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 6:30, சில கப்பல்களில் 6:00. துறைமுக வாசலுக்கு 5:30க்கு வந்துவிட வேண்டும். ஒரு ரயில் தவறினாலும் அடுத்ததில் வந்து சேரும்படி இருக்க, 3:30க்கே ரோமில் ரயில் ஏறப் பாருங்கள். ஆக, கையில் இருப்பது பத்திலிருந்து மூன்றரைவரை. சாப்பாடும் கழிப்பறையும் வரிசையும் அதற்குள்தான்.

வத்திக்கான் என்றால் ரோமா சான் பியெத்ரோ நிலையத்தில் இறங்குங்கள். புனித பேதுரு பேராலயம் அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. பேராலயத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை நீளம். தோளும் முழங்காலும் மறையும்படி உடை வேண்டும். சிஸ்டைன் சிற்றாலயம் இருப்பது வத்திக்கான் அருங்காட்சியகத்துக்குள். அதன் வாசல் மதிலைச் சுற்றிக்கொண்டு போனால் மறுபக்கத்தில் வரும், நேரம் குறித்த சீட்டை முன்கூட்டியே ஆன்லைனில் வாங்கிவிடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அருங்காட்சியகம் மூடியிருக்கும். புதன் காலையில் போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு இருந்தால் பேராலயத்துக்குள் மதியம்வரை பெரும்பாலும் போக முடியாது.

கொலோசியம் என்றால் அதே ரயிலில் ஒஸ்தியென்சேவரை போய், பக்கத்தில் உள்ள பிராமிடே நிலையத்தில் மெட்ரோ பி ஏறினால் இரண்டாவது நிறுத்தம். சீட்டில் ஒவ்வொருவர் பெயரும் இருக்கும் என்பதால் அடையாள ஆவணம் கொண்டுபோக வேண்டும்.

ரயிலில் இரண்டு விஷயம் காலை வாரிவிடும். காகிதச் சீட்டு வாங்கினால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். மறந்தால் அபராதம். இன்னொன்று வேலைநிறுத்தம், அங்கே ‘ஷோப்பெரோ’ என்பார்கள். வேலை நாட்களில் அப்போதும் காலை 6 முதல் 9 வரையிலும் மாலை 6 முதல் 9 வரையிலும் குறைந்தபட்ச ரயில்கள் ஓடும். இது ஆறுதல் போலத் தோன்றும். ஆனால் உங்கள் கணக்கில் பாருங்கள்: காலையில் போய்விடுவீர்கள், திரும்ப வேண்டிய மூன்றரை மணிக்கு உத்தரவாதம் கிடையாது. பயணத்துக்கு முந்தைய வாரமே வேலைநிறுத்த அறிவிப்பு உண்டா என்று பாருங்கள். இருந்தால் கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸே கதி.

கே: கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலா விலை அதிகமாக இருக்கிறது. நாங்களே போனால் என்ன?

ப: விலை வித்தியாசத்துக்குக் காரணம் ஒரே ஒரு உறுதிதான். அவர்கள் பஸ் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது அடுத்த துறைமுகத்துக்கு உங்களை அவர்கள் செலவில் கொண்டு சேர்ப்பார்கள். நீங்களாகப் போய்த் தாமதமானால் கப்பல் போய்விடும்.

அதனால் தூரத்தைப் பார்த்து முடிவெடுங்கள். மால்டாவின் வலெட்டாவில் கப்பலிலிருந்து இறங்கிக் கொஞ்சம் நடந்து 58 மீட்டர் உயர லிஃப்டில் ஏறினால் பழைய நகரத்துக்குள் நிற்பீர்கள். பார்சிலோனாவில் துறைமுக பஸ் கொலம்பஸ் தூண் அருகே விடும். இங்கெல்லாம் சுற்றுலா வாங்குவது வீண். ரோம், ஃபுளோரன்ஸ் போல ஒரு மணி நேரத்துக்கு மேல் உள்ளே போகும் இடங்களுக்கு நடுவழி ஒன்று உண்டு. வழிகாட்டி இல்லாமல் நகரத்துக்குக் கொண்டுபோய்த் திரும்ப அழைத்துவரும் பஸ்ஸை மட்டும் கப்பலிலேயே விற்பார்கள். அதே உறுதி, குறைந்த விலை. பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு எங்கள் சிபாரிசு இதுதான்.

எப்படிப் போனாலும், அன்றைய நிகழ்ச்சித் தாளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுக ஏஜென்ட் நம்பர் அதில் இருக்கும். கப்பலைத் தவறவிட்டால் முதல் அழைப்பு அந்த நம்பருக்கு.

கே: இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் ஒரு நாள். பைசாவா, ஃபுளோரன்ஸா?

ப: கடைக்குட்டியின் வயதைச் சொல்லுங்கள், பதில் அதில் இருக்கிறது. பைசாவின் சாய்ந்த கோபுரத்தில் 8 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை ஏறவிடமாட்டார்கள். வாசலில் வந்துதான் பல குடும்பங்களுக்கு இது தெரிகிறது, அங்கே அழும் குழந்தையைச் சமாதானப்படுத்துவது பெரும்பாடு. ஏறுகிறவர்கள் பைகளை வெளியே ஒப்படைக்க வேண்டும், நேரச் சீட்டு எடுக்க வேண்டும்.

லிவோர்னோ சரக்குத் துறைமுகம் என்பதால் உள்ளே நடக்க முடியாது. ஷட்டிலில் ஊருக்குள் வந்து, டவுன் பஸ்ஸில் மத்திய ரயில் நிலையம் போய், அதன் பிறகுதான் ரயில். பைசாவுக்கு இருபது நிமிடத்துக்குள், ஃபுளோரன்ஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி. சின்னப் பிள்ளைகள் இருந்தால் பைசா போய், புல்வெளியில் ஓடவிட்டு, இரண்டு மணிக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். ஓவியம், சிற்பம் என்று ஆர்வமுள்ள பதின்ம வயதினர் இருந்தால் ஃபுளோரன்ஸ். ஆனால் அன்று திங்கட்கிழமையா என்று பார்த்துவிடுங்கள். உஃபிசி ஓவியக்கூடமும், மிக்கலாஞ்சலோவின் தாவீது சிலை நிற்கும் அக்காதெமியா காட்சிக்கூடமும் திங்களன்று மூடியிருக்கும்.

கே: எரிமலையில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பாம்பெய்க்கு 3 வயதுக் குழந்தையைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகலாமா?

ப: தள்ளுவண்டி வேண்டாம், முதுகில் சுமக்கும் கேரியர் எடுத்துப் போங்கள். தெருக்கள் எல்லாம் பெரிய பெரிய எரிமலைக் கற்கள். நடுவில் வண்டிச் சக்கரம் பதித்த பள்ளங்கள். தெருவைக் கடக்க அன்று உயர்த்தி வைத்த கற்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன. சின்னச் சக்கரம் ஒவ்வொரு இடுக்கிலும் மாட்டும். வண்டியை விடவே முடியாதென்றால் பியாஸ்ஸா ஆம்ஃபிதியேத்ரோ வாசல் வழியாகப் போங்கள். சக்கர நாற்காலிகளுக்காகச் சமப்படுத்திய, 3 கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாதை அங்கே தொடங்குகிறது.

பாம்பெய்க்குப் போக இறங்கும் துறைமுகம் நேப்பிள்ஸ். அங்கே கப்பல் ஊருக்குப் பக்கத்திலேயே நிற்கும். கரிபால்டி நிலையத்திலிருந்து சிர்க்கும்வெசுவியானா ரயிலில் நாற்பது நிமிடம் போல ஆகும். இறங்க வேண்டிய நிலையத்தின் முழுப் பெயர் ‘பாம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தெரி’. வெறும் ‘பாம்பெய்’ என்று பார்த்து வேறு தடத்தில் ஏறினால், இன்றைய ஊருக்குள் போய் இறங்கி வெயிலில் நடக்க வேண்டியதுதான். அந்த ரயிலில் நெரிசலும் ஜேப்படியும் அதிகம். போனையும் பணத்தையும் முன்பக்கம் வையுங்கள்.

2024 நவம்பரிலிருந்து சீட்டு பெயர் போட்டுத்தான் தருகிறார்கள், ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மட்டுமே அனுமதி. முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். உள்ளே நிழல் மிகக் குறைவு. குடிநீர்க் குழாய்கள் உண்டு என்பதால் காலி பாட்டில் போதும். இரண்டரை மணி நேரத்தில் மன்றம் எனப்படும் நகரச் சதுக்கம், ஸ்டேபியன் பொதுக் குளியல் கூடம், ஃபான் வீடு என்னும் பெரிய மாளிகை, ஒரு ரொட்டிக்கடை என்று வையுங்கள். ரொட்டிக்கடையைத் தவறவிடாதீர்கள். இடுப்புயர மாவரைக்கும் கற்களும் பக்கத்திலேயே அடுப்பும் நிற்கும். மொடெஸ்டஸ் கடை என்று அழைக்கப்படும் ஒன்றின் அடுப்பைத் திறந்தபோது, கி.பி. 79இல் எரிமலை வெடித்த நாளில் சுடப் போட்ட 81 ரொட்டிகள் கரியாகி உள்ளேயே இருந்தன. பிள்ளைகள் மனதில் நிற்பது தூண்களை விட இதுதான்.

கே: கிரீஸின் சாண்டோரினித் தீவில் கப்பல் கரைக்கே போகாதாமே? வயதான பெற்றோரும் வருகிறார்கள்.

ப: ஆமாம். கப்பல் விரிகுடாவில் நின்றுவிடும், டெண்டர் எனப்படும் சிறு படகில்தான் கரைக்குப் போவார்கள். படகு ஆடும்போது தாவி ஏற வேண்டியிருக்கலாம். மாலுமிகள் கைபிடித்து ஏற்றுவார்கள் என்றாலும் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் பழைய துறை மலையடிவாரம். ஊர் இருப்பது உச்சியில். மேலே போக கேபிள் கார், இல்லையேல் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள். அதே படிகளில்தான் கழுதைகளும் ஏறி இறங்கும், சாணத்தில் வழுக்கும், வெயிலில் அந்தப் பிராணிகள் படும் பாடும் அதிகம். நடந்தும் போக வேண்டாம், கழுதையிலும் ஏற வேண்டாம் என்பது எங்கள் கருத்து. பெற்றோர் இருப்பதால் இங்கே கப்பல் சுற்றுலாவே மேல். பெரும்பாலும் படகை அதினியோஸ் துறைக்கு விட்டு, அங்கிருந்து பஸ்ஸில் மேலே கொண்டுபோவார்கள். இறங்கும்போது மட்டும் கேபிள் கார்.

இரண்டு மூன்று கப்பல் ஒரே நாளில் வந்தால் மாலையில் கேபிள் கார் வரிசை ஒரு மணி நேரத்தைத் தாண்டும். கடைசிப் படகுக்கு இரண்டு மணி நேரம் முன்பே வரிசையில் நில்லுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்னும் வடகாற்று பலமாக அடித்தால் படகு விடாமல் அந்தத் துறைமுகத்தையே ரத்து செய்வதும் உண்டு. அதனால் வெளியில் வண்டி, வழிகாட்டி ஏற்பாடு செய்தால், கப்பல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கே: இத்தாலி, கிரீஸ், துருக்கி போகும் கப்பலுக்கு ஒரு ஷெங்கன் விசா போதுமா?

ப: ஷெங்கன் என்பது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம். அந்த விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், ‘பலமுறை நுழைவு’ உள்ளதாகக் கேளுங்கள். கப்பல் துருக்கியின் குஷாதாசிக்குப் போனவுடன் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. மறுநாள் கிரீஸில் மீண்டும் நுழைய வேண்டும். மாண்டினீக்ரோவின் கோட்டோரும் இப்படித்தான். குரோஷியா மட்டும் 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. துருக்கி விதியைக் கப்பல் நிறுவனத்திடம் தனியாகக் கேளுங்கள்.

அதிக நாள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பியுங்கள். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்குக் கீழே இலவசம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

கே: நான்கு பேருக்கு ஒரே அறை போதுமா? குழந்தைக்கு வெந்நீர் வைக்க கெட்டில் கொண்டுபோகலாமா?

ப: கெட்டிலைப் பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். இஸ்திரிப்பெட்டியும் அப்படியே. தீ விபத்து பயம்தான் காரணம். ஃபிளாஸ்க் கொண்டுபோங்கள், பஃபே கூடத்தில் வெந்நீர் கிடைக்கும்.

நால்வர் அறையில் மூன்றாவது, நான்காவது படுக்கை கூரையிலிருந்து இறங்கும். அந்த வகை அறைகள் குறைவு, முதலில் தீருவதும் அவைதான். ‘அறை எண் பிறகு தரப்படும்’ என்னும் மலிவுச் சீட்டில் இரண்டு அறை எடுத்தால் அவை வேறு வேறு தளத்தில் வந்து விழலாம். குமட்டல் வரும் குடும்பம் என்றால் கப்பலின் நடுவில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. டயப்பர் போடும் குழந்தையைப் பெரும்பாலான கப்பல்களில் நீச்சல் குளத்தில் விடமாட்டார்கள் என்பதையும் மனதில் வையுங்கள்.

கே: நாங்கள் சைவம். கரையில் என்ன சாப்பிடுவது?

ப: கப்பலில் கவலை இல்லை, பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்து, முதல் இரவு உணவுக்கூட மேலாளரிடம் நேரில் சொல்லுங்கள். கரையில், நேப்பிள்ஸில் மரினாரா பீட்சா: பெயரைக் கேட்டு மீன் என்று பயப்பட வேண்டாம், தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டுமே. பிரான்ஸின் நீஸில் கடலைமாவில் சுடும் ‘சோக்கா’. சாண்டோரினியில் மஞ்சள் பட்டாணி வகையை மசித்த ‘ஃபாவா’. கண்டிப்பான சைவர்கள் பார்மீசான் சீஸைத் தவிர்க்க வேண்டும், கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னட்டால்தான் அது உறைகிறது. கிரீஸில் ‘நிஸ்திசிமோ’ என்றால் நோன்பு உணவு, இறைச்சியும் பாலும் இருக்காது. ஆனால் கணவாய், இறால் அதில் சேர்த்தி, கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: கப்பலில் போன் பில் எகிறிவிடும் என்கிறார்களே?

ப: கரையை விட்டு விலகியதும் போன் தானாகக் கப்பலின் செல் நெட்வொர்க்கைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டம் அதற்குப் பொருந்தாது, போட்டோக்கள் பின்னணியில் ஏறினாலே போதும், பில் ஏறிவிடும். கரைக்கு ஐரோப்பா முழுதும் செல்லும் இ-சிம், கடலில் விமானப் பயன்முறையோடு கப்பல் வைஃபை.

நேரத்திலும் போனை நம்பாதீர்கள். இத்தாலியை விட கிரீஸ் ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. போன் தானாக மாறும், கப்பல் நேரம் மாறுவது கேப்டன் அறிவிக்கும் இரவில்தான். ஆளுக்கொரு மலிவான கைக்கடிகாரம் கட்டி, கப்பல் நேரத்துக்கு வையுங்கள். கப்பல் கட்டை அவிழ்ப்பதற்கு முன்பே நான்கு போனும் விமானப் பயன்முறைக்குப் போயிருக்க வேண்டும், பிள்ளைகளின் டேப்லெட்டும் சேர்த்து.