மும்பையில் நாலு வயதுக் குழந்தைக்குத் தமிழ்நாட்டு முறையில் பிறந்தநாள்

கோயம்புத்தூரிலிருந்து தானேவுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, மகளுக்கு நாலு வயது முடிகிறது, அபார்ட்மென்ட் சொசைட்டி ஹாலில் தமிழ்நாட்டுத் தீமில் பிறந்தநாள் வைக்க எந்த டெக்கரேட்டரைப் பிடிக்கலாம், எவ்வளவு ஆகும், கேக் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள் தங்கச்சி. கேக்கும் பட்ஜெட்டும் உங்கள் ஏரியாவில் விசாரித்தாலே தெரிந்துவிடும். முட்டை இல்லாத கேக்காக வாங்குங்கள், அவ்வளவுதான். டெக்கரேட்டர் பேச்சுதான் என்னை எழுத வைத்தது.

இங்கே 'சவுத் இந்தியன் தீம்' என்று சொன்னீர்களானால் கதகளி முகம், பிளாஸ்டிக் வாழைமரம், தெர்மாகோல் யானை, தோசைப் படம் எல்லாம் சேர்த்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். நான் போன ஒரு விழாவில் வாசலில் ஒரு பையனுக்கு லுங்கி கட்டிக் கறுப்புக் கண்ணாடி மாட்டி நிறுத்தியிருந்தார்கள். டெக்கரேட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு என்ன தெரியும்? காசு கொடுத்து அதை வாங்கி, இதுதான் நம்ம ஊர் என்று குழந்தைக்குக் காட்டுகிற நம் ஆட்கள் மேல்தான் கோபம். வருஷம் முழுக்க வீட்டில் பிள்ளையிடம் இங்கிலீஷ், பிறந்தநாளுக்கு மட்டும் பட்டுப்பாவாடை. நீங்கள் அப்படி ஆகிவிடக் கூடாது.

முந்தின நாள் காலையில் மாட்டுங்காவுக்குப் போய் வாருங்கள். சென்ட்ரல் லைனில் இருக்கிற மாட்டுங்கா. வெஸ்டர்ன் லைனில் இருப்பது மாட்டுங்கா ரோடு, அது வேறு ஸ்டேஷன், புதிதாக வருகிறவர்கள் அங்கே இறங்கி அலைவார்கள். கிழக்குப் பக்கம் தொடுத்த மல்லிகை, வாழை இலை, மாவிலை எல்லாம் கிடைக்கும், தமிழிலேயே விலை பேசலாம். மாவிலைத் தோரணம், வாசலில் ஒரு கோலம், இரண்டு குத்துவிளக்கு, இது போதும். விளக்கைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கோலத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸ் கொடுத்து வருகிற குழந்தைகளையே புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

விளையாட்டில் கவனம். பல்லாங்குழி வேண்டாம், இந்த வயதுப் பிள்ளைகள் சோழியையும் புளியங்கொட்டையையும் நேராக வாயில்தான் போடும். பம்பரமும் ஆணி வைத்தது, வேண்டாம். ஒரு பாய் விரித்து மரச் சொப்பு சாமானைப் பரப்புங்கள், பக்கத்தில் ஒரு கிண்ணம் பொரி. குஜராத்திப் பிள்ளையும் மராத்திப் பிள்ளையும் சின்ன அடுப்பில் பொரியைக் 'காய்ச்சி', விரல்நுனி அளவுத் தட்டில் வைத்து வருகிற பெரியவர்களுக்கெல்லாம் பரிமாறுவதை நானே பார்த்திருக்கிறேன், யாரும் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

சாப்பாட்டில் ஜெயின் வீட்டுப் பிள்ளைகள் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வெங்காயம், பூண்டு மட்டும் இல்லை, உருளைக்கிழங்கு, கேரட் என்று மண்ணுக்கு அடியில் விளைகிற எதுவும் ஆகாது. இட்லி, தேங்காய்ச் சட்னி, எலுமிச்சை சேவை, சர்க்கரைப் பொங்கல் வைத்தால் எல்லாரும் சாப்பிடுவார்கள்.

நாங்கள் வந்த காலத்தில் சால் என்கிற வரிசை வீட்டுக் கட்டடத்தில் ஒரே ரூம், தண்ணீர் விடியற்காலையில் கொஞ்ச நேரம்தான், எனக்கு இந்தியும் தெரியாது மராத்தியும் தெரியாது. 'மதராசி' என்பதுதான் எங்கள் பெயர். மூத்தவளின் பிறந்தநாளன்று கேசரி கிளறிவிட்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எதிர்வீட்டு காக்கூ (மராத்தியில் சித்தி மாதிரி) வாசனை பிடித்துக்கொண்டு வந்து விஷயம் தெரிந்ததும் திரும்பிப் போய், தட்டில் விளக்கு, அட்சதை, பாக்கு, தன் விரலில் இருந்த தங்க மோதிரம் எல்லாம் வைத்து எடுத்துவந்து, குழந்தையைப் பலகையில் உட்காரவைத்து ஔக்ஷண் செய்தார். நம் ஆரத்தி மாதிரிதான், பாக்கையும் மோதிரத்தையும் முகத்தைச் சுற்றிவிட்டு அப்புறம் விளக்கைச் சுற்றுவார்கள். அவரிடம்தான் மராத்தி கற்றேன். இன்றைக்குக் காய்கறிக்காரரிலிருந்து சொசைட்டி செக்ரட்டரிவரை எனக்கு மராத்திதான். இங்கேயே தலை நரைத்தும் இரண்டு வாக்கியம் பேசத் தெரியாத தமிழர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. உங்கள் மாடியில் வயதான மராத்தி அம்மா யாராவது இருந்தால் போய்க் கூப்பிடுங்கள், உங்கள் அம்மா ஆரத்தி எடுக்கட்டும், அவர் ஔக்ஷண் செய்யட்டும்.

இன்னொன்று, ஞாயிறு மதியம் மட்டும் வைக்காதீர்கள். சென்ட்ரல் லைனில் மெகா பிளாக் என்று தண்டவாள வேலைக்காக ரயில்களை நிறுத்திவிடுவார்கள், டோம்பிவிலியிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் பாதி வழியில் நிற்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து, பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குள் முடித்துவிடுங்கள்.