கணவருக்கு வந்த படர்தாமரை மனைவிக்கும் ஒட்டுமா?

ஒட்டும். தொடை இடுக்குப் படர்தாமரை தோலோடு தோல் உரசினாலே பரவும். துண்டு, லுங்கி, போர்வை வழியாகவும் வரும். அதனால் இதை மட்டும் வைத்து வீட்டுக்காரர் மேல் சந்தேகப்பட வேண்டாம். உடலுறவில் பரவுவதாக நீங்கள் செய்தியில் படித்தது 2024இல் நியூயார்க்கில் பேசப்பட்ட வேறு வகைப் பூஞ்சை. நம்மூரில் இப்போது ஆட்டம் போடுவது ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடினியே என்கிற பூஞ்சை.

"போய்ப் போய்த் திரும்ப வருகிறதே" என்று கேட்டிருக்கிறீர்கள். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் மருந்துக்கடையில் இருக்கிறேன். தறிக்காரர்கள் நிறைய வருவார்கள். கடையில் ஆள் குறையும்வரை நின்று, பிதுக்கிப் பிதுக்கிச் சுருண்டுபோன டியூபைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, "இதே ஒண்ணு குடுங்கண்ணா" என்பார்கள். திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் க்ளோபெட்டாசோல் கலந்திருக்கும். வீரியமான ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், ஆனால் பூஞ்சை சாகாது. நிறுத்தியதும் முன்னைவிட அகலமாகக் கிளம்பும். தொடர்ந்து பூசினால் இடுக்குத் தோல் மெலிந்து கோடு கோடாக விழும், அந்தக் கோடு மறையாது. இந்த வகைக் களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் அரசு உத்தரவே போட்டது. நான் கொடுப்பதில்லை, அடுத்த கடையில் கிடைத்துவிடுகிறது, என்ன செய்ய!

தோல் டாக்டரிடம் இருவரும் சேர்ந்தே போங்கள். ஒருவருக்கு மட்டும் ஆறினால் மற்றவரிடமிருந்து திரும்ப ஒட்டிக்கொள்ளும். பூஞ்சைக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெர்பினாஃபின் மாத்திரை இப்போது பலருக்குக் கேட்பதில்லை, டாக்டர் வேறு எழுதலாம். கர்ப்பமாக இருந்தால், வேறு மாத்திரை சாப்பிட்டால் முன்பே சொல்லிவிடுங்கள். டாக்டர் எழுதும் களிம்பை வட்டத்துக்கு வெளியே ஒரு விரல் அகலம் தள்ளியும் பூச வேண்டும். தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரமாவது தொடர வேண்டும். அதுவரை கொஞ்சம் விலகியே இருங்கள். தொடை உரசுவதை ஆணுறை தடுக்காது.

அப்புறம் அந்த அரணாக்கயிறு. வியர்வையைக் குடித்துக்கொண்டு இடுப்பைச் சுற்றிக் கிடக்கும், குளித்தாலும் காயாது. கழற்றச் சொன்னால் சாமி குத்தம் என்பார்கள். சரி, வெள்ளிக்கொடிக்கு மாறட்டும். சேலத்தில் வெள்ளிக்கா பஞ்சம்?

இருவர் துணியையும் தனித்தனியாக வெந்நீரில் துவைத்து, உள்பக்கம் வெளியே தெரிய வெயிலில் போடுங்கள். ஏற்காட்டு எஸ்டேட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? அவர்களிடம் உள்ளாடையைக்கூட இஸ்திரி போட்டுத்தான் உடுத்தச் சொல்வேன்.