மார்கழி மழையும் மனச்சோர்வும்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு 62 வயது. சிங்கப்பூர் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் தனியாக வசிக்கிறேன். டிசம்பரில் மழை பிடித்துக்கொண்டால் எனக்கு எதிலும் பிடிப்பில்லாமல் போய்விடுகிறது. சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் போட வேண்டிய துணிகளைக் கூடத்தில் கொடிகட்டி உலர்த்திவிட்டு, அந்த ஈரவாடையிலேயே நாள் முழுதும் படுத்திருக்கிறேன். காலையில் தோழிகளோடு நடந்துவிட்டுக் கோப்பிக்கடையில் பேசிக்கொண்டிருக்கும் வழக்கமும் நின்றுபோயிற்று. டொராண்டோவில் இருக்கும் மகள், "அம்மா, இங்கே குளிர்காலத்தில் பலருக்கும் வருகிற மனச்சோர்வுதான் இது, அதற்கென்றே விற்கும் வெளிச்ச விளக்கை அனுப்புகிறேன்" என்கிறாள். நம் ஊரிலும் அது வருமா?

ஈசூன் வாசகி

அன்புள்ள அம்மா,

மகள் சொல்வது அவர் வாழும் ஊருக்குப் பொருந்தும். 1984இல் நார்மன் ரோசன்தாலும் அவருடைய சகாக்களும் விவரித்த அந்தப் பருவகால மனச்சோர்வுக்குக் குளிரைவிடப் பகல் குறுகுவதே முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. டிசம்பர் இறுதியில் டொராண்டோவில் பகல் ஏறத்தாழ 9 மணி நேரம்தான். நிலநடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரிலோ ஆண்டு முழுவதும் பகல் சுமார் 10 நிமிடம்தான் கூடிக் குறைகிறது. நாம் போர்வை தேடும் நாள்களில்கூட இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 22 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை.

ஆகவே விளக்குக்கு அவசரமில்லை. அதற்காக உங்கள் சோர்வு வெறும் மனப்பிரமை என்று நான் சொல்லவில்லை. வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது உங்களிடமிருந்து பறிபோவது அந்தக் காலை நடையும், அதோடு சேர்ந்து கிடைத்துவந்த வெளிச்சமும் பேச்சுத்துணையும்தான் என்று எனக்குப் படுகிறது. தனியாக வாழ்பவருக்கு இது சிறிய இழப்பல்ல. மேகம் மூடிய வானம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம் தரும் என்பதால், தூறல் நாள்களிலும் கூரையுள்ள நடைபாதையில் நடங்கள். நடக்கவே முடியாதபடி கொட்டினாலும், மழை சற்று விட்டதும் கோப்பிக்கடைக்குப் போய்விடுங்கள். தோழிகளை நீங்களே முதலில் அழையுங்கள், அவர்களும் வீட்டுக்குள் அடைந்துதான் கிடப்பார்கள். நமக்குக் காலை 8 மணி என்றால் மகளுக்கு முந்தைய நாள் இரவு 7 மணி. அந்த நேரத்தில் தினமும் பேசச் சொல்லுங்கள், படுக்கையைவிட்டு எழ அது ஒரு காரணமாகும்.

இரண்டு வாரங்களுக்கு மேலும் சோர்வு நீங்காமல், தூக்கமும் பசியும் கெட்டால், மழை நிற்கட்டும் என்று காத்திராமல் பலதுறை மருந்தகத்தில் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைவாலும் இப்படிச் சோர்வு வரலாம். அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடுவார்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால், சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தின் 1767 என்ற எண்ணை எந்த நேரத்திலும் அழையுங்கள்.