வீட்டை ஈடு வைக்காதீர்கள், மகள் இயந்திரவியல் படிக்கட்டும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகளுக்கு மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கிடைத்திருக்கிறது. இயந்திரவியல்தான் எடுப்பேன் என்று நிற்கிறாள். கனடா மாமாவோ, "பொம்பிளைப் பிள்ளைக்கு கராஜ் வேலையா? தனியாரில் கம்பியூட்டர் டிகிரி செய்யட்டும்" என்று வட்ஸ்அப்பில் விடாமல் நெருக்குகிறாராம். அந்தத் தனியார் படிப்புச் செலவுக்கு வீட்டை ஈடு வைக்கலாமா என்பது கேள்வி.

வைக்காதீர்கள் அம்மா. அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை. உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியால் பிள்ளை வென்றெடுத்த இடத்தை விட்டுவிட்டு, அவளுக்கு மனமில்லாத பாடத்துக்குக் கடன்படும்படி நான் எந்தக் குடும்பத்துக்கும் சொல்லமாட்டேன். கம்பியூட்டர் துறை பற்றி மாமா போதுமான அளவு சொல்லியிருப்பார். இயந்திரவியலில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லாததைச் சொல்கிறேன்.

மோட்டார் சைக்கிள் ஷொக் அப்சோர்பரைக் கழற்றி வீடெல்லாம் எண்ணெய் ஆக்கினாள் என்று குறைப்பட்டிருந்தீர்கள். அந்த எண்ணெயில் சில மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவான இரும்புத் துகள்களைக் கலந்து, பிஸ்டனில் ஒரு கம்பிச்சுருளை வைத்து மின்னோட்டம் கொடுத்தால், துகள்கள் காந்தப்புலத்தின் வழியே சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். சில மில்லிசெக்கனில் எண்ணெய் களிபோல இறுகும். மின்னை நிறுத்தினால் பழையபடி ஓடும். ஜேக்கப் ரபினோ என்ற பொறியியலாளர் 1940களிலேயே அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினார். 2002இல் கடிலாக் காருக்கு வந்தது. சீனாவில் டொங்டிங் ஏரிப் பாலத்தின் வடங்கள் காற்றிலும் மழையிலும் அதிராமல் பிடிப்பதும் இப்படியான டாம்பர்கள், அதாவது அதிர்வைத் தணிக்கும் கருவிகள்தான். செயற்கை முழங்காலிலும் இருக்கிறது.

சரி, இதில் மகளுக்கு என்ன வேலை? இவ்வளவு மின்னோட்டத்துக்கு இவ்வளவு விசை வரும் என்று முன்கூட்டியே கணித்தால்தான் டாம்பரைக் கட்டுப்படுத்தலாம். எளிய வழி பிங்ஹாம் என்ற கணித மாதிரி: மாறாத உராய்வு விசை ஒன்று, வேகத்தோடு கூடும் பிசுக்கு விசை ஒன்று, இரண்டையும் கூட்ட வேண்டியதுதான். ஆனால் பிஸ்டன் திசை மாறும் இடத்தில், வேகம் பூச்சியத்தை அண்டும்போது, அந்தக் கணிப்புப் பிழையாகிவிடும். பிங்ஹாம் வரைபு அங்கே செங்குத்தாகப் பாயும். உண்மையான டாம்பர் போகும்போது ஒரு பாதை, திரும்பும்போது இன்னொரு பாதை என்று தடம் போடும். அந்த இரட்டைத் தடத்தைப் பிடிக்க வந்ததுதான் பூக்-வென் என்ற கணித மாதிரி. வெளியே அளக்க முடியாத மாறி ஒன்றை உள்ளே வைத்து, அது எவ்வளவு வேகமாக மாறுகிறது என்று சொல்லும் ஒரு வகையீட்டுச் சமன்பாடு எழுதுவார்கள். 1997இல் ஸ்பென்சர் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் அதை இந்த டாம்பர்களுக்கென மேம்படுத்தினார்கள்.

இந்தச் சமன்பாடுகளைக் கையால் தீர்ப்பதில்லை. பைதன் என்ற கம்பியூட்டர் மொழியில் எழுதித் தீர்ப்பார்கள், அது இலவசம். மாமா கேட்கும் கம்பியூட்டரும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

இந்த டாம்பருக்கென்று கொழும்பில் வேலை விளம்பரம் வரும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் அதிர்வையும் கட்டுப்பாட்டையும் கணிக்கத் தெரிந்தவருக்கு வாகனம், லிப்ட், ஜெனரேட்டர், கட்டடம் என்று வாசல்கள் உண்டு. மேற்படிப்புக்கு வெளிநாடு போனால், ஆராய்ச்சி உதவித்தொகையோடு போக முயற்சிக்கலாம். அதற்கும் வீட்டு உறுதியைத் தொட வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் மகளிடம் கண்டிப்பாக இருங்கள். தொடக்கத்தில் எல்லோருக்கும் பொதுப் பாடங்கள். அதன் பெறுபேற்றை வைத்துத்தான் துறை கிடைக்கும். இடம் கிடைத்துவிட்டதே என்று ஆறுதலாக இருந்தால் இயந்திரவியல் கைநழுவிவிடும். அப்புறம், மாமாவுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை அவள் தலையில் போடாதீர்கள். இன்றைக்கே நீங்கள் பேசி முடியுங்கள்.